ஒரு திருப்பு இறுக்கிட்டா சரியாப்போயிடுமாம்!

பழைய கறுப்பு வெள்ளைப் படங்கள்ல ஹீரோ கார் ஓட்டுற காட்சி ஞாபகம் இருக்கா? பின்னாடி ரோடு நேராப் போகும். இவர் மட்டும் ஸ்டியரிங்கை அந்தப் பக்கமும் இந்தப் பக்கமும் ஆட்டிக்கிட்டே வசனம் பேசுவார். பார்த்துச் சிரிச்சிருப்பீங்க. எங்க பக்கத்துப் பழைய லாரி ஒண்ணுல ஏறி உட்கார்ந்து பாருங்க, சிரிப்பு வராது. நேர் ரோட்டுல வண்டியை நேராக் கொண்டுபோறதுக்கே டிரைவர் அப்படித்தான் ஆட்டிக்கிட்டே போகணும். வசனம் மட்டும் கிடையாது. அதுக்குப் பதிலா வாயில வேற ஏதேதோ வரும்.

நாமக்கல், சங்ககிரி, திருச்செங்கோடு வட்டாரத்துல லாரி சம்பந்தம் இல்லாத குடும்பத்தைத் தேடித்தான் பிடிக்கணும். பத்து வண்டி, இருபது வண்டி வெச்சிருக்கிறவங்க இருக்காங்க. நான் அந்த லிஸ்ட்ல இல்ல. ஒரே ஒரு வண்டி. ஆறு சக்கரம். பவர் ஸ்டியரிங் எல்லாம் பெரிய இடத்து சமாச்சாரமா இருந்த காலத்துல வந்தது. டாடாவா லேலண்டான்னு கேக்காதீங்க. வயசானா ரெண்டும் ஒரே மாதிரிதான் முனகும்.

வண்டிக்கு வந்த வியாதி ஸ்டியரிங் ஆட்டம். மெக்கானிக் பாஷையில 'ப்ளே'. ஸ்டியரிங்கைத் திருப்புறீங்க, கொஞ்ச தூரத்துக்கு ஒண்ணுமே நடக்காது. சக்கரத்துக்குச் சேதி போய்ச் சேராது. அதுக்கப்புறம் 'டொக்'னு ஒரு சத்தம். அப்பத்தான் வண்டி திரும்ப ஆரம்பிக்கும். கடிகாரத்துல பன்னெண்டுலேர்ந்து ரெண்டு வரைக்கும் எங்க வண்டி ஸ்டியரிங் சும்மாவே போய்ட்டு வரும்.

இதுக்குச் சட்டம் ஏதாவது இருக்கான்னு கேப்பீங்க. இல்லாம இருக்குமா? நம்ம நாட்டுல சட்டத்துக்கா பஞ்சம்? 1989-ஆம் வருஷத்து மத்திய மோட்டார் வாகன விதிகள்ல 98-ஆவது விதி ஸ்டியரிங்குக்குன்னே இருக்கு. ஆட்டம் 30 டிகிரியைத் தாண்டக்கூடாது. அதாவது பன்னெண்டுலேர்ந்து ஒண்ணு வரைக்கும். அரை மீட்டர் அகலமுள்ள ஸ்டியரிங் வீல்ல, விளிம்புல அளந்தா சுமார் 13 சென்டிமீட்டர். யோசிச்சுப் பாருங்க, 13 சென்டிமீட்டர்! தாராள மனசுதான். அதையும் தாண்டி ஓடிக்கிட்டிருக்கு ஊர்ப்பட்ட வண்டி. அந்த விதி அதோட நிக்கல. ஸ்டியரிங் கம்பிகளை இணைக்கிற பால் ஜாயிண்ட் ஒவ்வொண்ணுக்கும் ரப்பர் மூடி இருக்கணும், போல்ட்டும் பின்னும் கழண்டு வராதபடி பூட்டியிருக்கணும்னும் எழுதி வெச்சிருக்கு. எழுதினவர் நிச்சயமா ஏதோ ஒரு லாரிக்கு அடியில படுத்து எழுந்தவர். படிக்க வேண்டியவங்கதான் யாரும் அடியில படுக்கிறதில்ல.

"என்னப்பா ஸ்டியரிங் இப்படி ஆடுது?"ன்னு டிரைவர்கிட்ட கேட்டா, "பழகிடுச்சுங்ண்ணா"ங்கிறார். எனக்கு வயித்தெரிச்சலே இந்த வார்த்தைதான். எது பழகிடுச்சு? தொப்பூர் கணவாயில லோடோட இறங்கும்போது பிரேக் ஒரு பக்கமா இழுக்குதுன்னு வைங்க. அந்த நொடியில ஸ்டியரிங்கைத் திருப்பினா உடனே சக்கரம் கேக்கணும். தருமபுரியைத் தாண்டி சேலம் பக்கம் இறங்குற அந்த ரோட்டுல விபத்து நியூஸ் வராத வருஷம் உண்டா? அங்க போய் 'பழகிடுச்சு'ன்னு சொல்ல முடியுமா? இவர் கை பழகிடுச்சு, சரி. இவர் லீவு போட்டு, மாத்து டிரைவர் ஏறினா? அவர் கைக்கு யார் பழக்கிவிடுறது?

சரின்னு மெக்கானிக்கிட்ட கொண்டுபோனேன். பட்டறை பேரெல்லாம் வேண்டாம், எந்தப் பட்டறைக்குப் போனாலும் இதுதானே நடக்குது. வண்டியைப் பார்த்தார். ஸ்டியரிங்கைப் பிடிச்சு ஒரு ஆட்டு ஆட்டினார். "ஒரு திருப்பு இறுக்கிட்டா சரியாப்போயிடும்ங்ண்ணா"ன்னு ஸ்பேனரை எடுத்தார். அஞ்சே நிமிஷம். காசு வாங்கினார். வண்டி வெளியே வந்துச்சு. ஆட்டம் பாதி குறைஞ்ச மாதிரிதான் இருந்துச்சு. ஆனா ரவுண்டானாவுல திரும்பினதும் ஸ்டியரிங் தானா நேருக்கு வரணும் பாருங்க, அது வரல. திருப்பின இடத்துலயே உறைஞ்சு நின்னுச்சு. கையால இழுத்துத்தான் நேராக்கணும்.

அவர் எதை இறுக்கினார்னு சொல்றேன். ஸ்டியரிங் பாக்ஸுக்குள்ள வார்ம்னு ஒரு திருகு மரை போட்ட தண்டு இருக்கு. அது மேல ஒரு கனமான நட்டு. ரெண்டுக்கும் நடுவுல குண்டு குண்டா பால்ஸ் ஓடும். நட்டோட வெளிப்பக்கத்துப் பல்லு செக்டார் ஷாஃப்ட் பல்லைத் தள்ளும். அந்த ஷாஃப்ட் நுனியில டிராப் ஆர்ம், அதுலேர்ந்து டிராக் லிங்க், அது போய்ச் சக்கரத்தைத் திருப்பும். பாக்ஸ் மூடியில ஒரு அட்ஜஸ்ட்மென்ட் ஸ்க்ரூ, அதைப் பூட்ட ஒரு லாக் நட். இந்த ஸ்க்ரூவை இறுக்கினா ரெண்டு பல்லும் நெருங்கும். அவ்வளவுதான் அதோட வேலை. பல்லு தேய்ஞ்சா நெருக்கிக்கிறதுக்காக வெச்ச ஸ்க்ரூ அது. டிராக் லிங்க் தேய்ஞ்சாலும் அதையே இறுக்கு, சக்கரம் திரும்புற அச்சான கிங் பின் தேய்ஞ்சாலும் அதையே இறுக்கு, டயர்ல காத்து இல்லாட்டியும் அதையே இறுக்குன்னு யாரும் எழுதி வைக்கல!

இதுல இன்னொரு கூத்து. வண்டி பெரும்பாலும் நேராத்தானே போகுது? அதனால நடுப்பல்லுதான் அதிகம் தேயும். அது தெரிஞ்சே, பாக்ஸைச் செய்யும்போது நடுவுல கொஞ்சம் டைட்டா இருக்கிற மாதிரிதான் செஞ்சிருப்பாங்க. ஆக, அந்த ஸ்க்ரூவைத் தொடணும்னா சக்கரம் நேர்ல இருக்கணும். டிராக் லிங்க்கைக் கழட்டி விட்டுட்டு, முதல்ல வார்ம் பேரிங்ல ஆட்டம் இருக்கான்னு பார்த்து ஷிம்னு சொல்ற மெல்லிசுத் தகடு வெச்சுச் சரி பண்ணணும். அப்புறம்தான் ஸ்க்ரூ. வண்டி ஒடிச்சு நிக்கிற கோலத்துலயே ஸ்க்ரூவை இறுக்கினா, நேருக்கு வரும்போது பல்லும் பல்லும் ஒண்ணை ஒண்ணு கடிக்கும். உள்ள இருக்கிற பால்ஸும் அது ஓடுற பள்ளமும் சீக்கிரமே நாசமாகும். தேய்ஞ்சது ஒரு இடம், இறுக்கினது நல்லா இருந்த இன்னொரு இடம். ஆகக்கூடி நல்லா இருந்ததும் போச்சு. இந்த வைத்தியத்துக்கு நான் காசு வேற குடுத்திருக்கேன், கேட்டுக்குங்க.

ஏன் எல்லாரும் அந்த ஸ்க்ரூவுக்கே போறாங்க தெரியுமா? ரகசியம் ஒண்ணுமில்ல. கைக்கு எட்டுற இடத்துல இருக்கு. மத்ததுக்கெல்லாம் அடியில படுக்கணும்.

அடுத்து வீல் அலைன்மென்ட்காரர். அவர் ஸ்க்ரூவைத் தொடல, அது அவர் டிபார்ட்மென்ட் இல்லையே. "டோ அவுட்டா இருக்குங்ண்ணா, அலைன்மென்ட் வெச்சா அலையாது"ன்னார். ஜாயிண்ட்ல ஆட்டம் இருக்கும்போது அலைன்மென்ட் வெச்சா என்ன ஆகும்? வண்டி நிக்கும்போது ஒரு அளவு, ஓடும்போது ஒரு அளவு. முதல்ல ஆட்டத்தை எடு, கடைசியில அலைன்மென்ட் வை. இது அவருக்குத் தெரியாதா? தெரியும். "ஜாயிண்ட் எல்லாம் செக் பண்ணிட்டு வாங்க"ன்னு சொன்னா கஸ்டமர் வேற கடைக்குப் போயிடுவாரு, அதுவும் தெரியும். டயர்க் கடைக்காரர்கிட்ட போனா முன் டயரை மாத்தச் சொல்றார். அவங்கவங்க கையில என்ன விக்க இருக்கோ, அதுதான் நம்ம வண்டிக்கு வியாதி.

கடைசியில நானும் டிரைவரும் ஒரு ஞாயித்துக்கிழமை வண்டியை ஷெட்ல நேரா நிறுத்தினோம். ஒரு கோணிச்சாக்கு, ஒரு டார்ச் லைட்டு. இவ்வளவுதான் கருவி. எந்தக் கம்ப்யூட்டரும் வேண்டாம். சக்கரம் தரையில இருக்கட்டும். ஒருத்தர் மேல உட்கார்ந்து ஸ்டியரிங்கை மெதுவா இப்படி அப்படி ஆட்டணும், ஆட்டம் முடியுற இடத்துல இன்னும் கொஞ்சம் அழுத்தித் தள்ளணும். இன்னொருத்தர் அடியில படுத்து, ஸ்டியரிங் தண்டுலேர்ந்து சக்கரம் வரைக்கும் ஒவ்வொரு ஜாயிண்டா கையை வெச்சுப் பார்க்கணும். இந்தப் பக்கத்துக் கம்பி அசையுது, அந்தப் பக்கத்துக் கம்பி சும்மா இருக்குன்னா, திருடன் நடுவுல இருக்கான். (பவர் ஸ்டியரிங் வண்டின்னா இஞ்சினை ஓட விட்டுத்தான் இதைப் பார்க்கணும். ஆஃப் பண்ணிட்டுப் பார்த்தா இல்லாத ஆட்டமும் இருக்கிற மாதிரி தெரியும். அதுக்கும் சேர்த்து ஒரு பாக்ஸ் விலை வாங்கிடுவாங்க.)

நான்தான் அடியில படுத்தேன். முதல்ல ஸ்டியரிங் தண்டுல இருக்கிற யூ.ஜே. கிராஸ். பரவாயில்ல. பாக்ஸை சேஸிஸோட பிடிச்சிருக்கிற போல்ட்டைப் பார்த்தா, ஒண்ணைச் சுத்தி செங்கல் பொடி மாதிரி துருத் தூள். இப்படித் தூள் தெரிஞ்சா அந்த போல்ட் லூஸாகி இரும்பும் இரும்பும் உரசிக்கிட்டிருக்குன்னு அர்த்தம். ஸ்டியரிங்கை ஆட்டினா பாக்ஸே மொத்தமா ஒரு நூல் நகருது. பாக்ஸே நகரும்போது அதுக்குள்ள இருக்கிற ஸ்க்ரூவை இறுக்கி யாருக்கு என்ன லாபம்? டிராக் லிங்க் பின்பக்கத்து ஜாயிண்ட்ல குண்டு குதிக்கிறது கண்ணுக்கே தெரிஞ்சுது. ரப்பர் மூடி கிழிஞ்சு, உள்ள கிரீஸுக்குப் பதிலா மண்ணு. ரெண்டு முன் சக்கரத்தையும் இணைக்கிற டை ராட் எண்டுல நட்டைப் பூட்ட ஸ்பிளிட் பின் இருக்கணும் இல்லையா? அந்த ஓட்டையில கட்டுக்கம்பி. ஆமாங்க, சென்டரிங் வேலைக்குக் கம்பி கட்டுவாங்களே, அதே கட்டுக்கம்பி. டீ விலைகூட இல்லாத ஸ்பிளிட் பின்னுக்குப் பதிலா! அந்த நட்டு கழண்டா சக்கரம் ஒண்ணு ஒரு திசை, இன்னொண்ணு வேற திசை. எந்தப் புண்ணியவான் எந்த வருஷம் கட்டினதோ, அதை நம்பித்தான் இத்தனை லோடு அடிச்சிருக்கு.

அப்புறம் முன் ஆக்ஸிலுக்கு ஜாக்கி போட்டோம். ஜாக்கியை மட்டும் நம்பி அடியில போகாதீங்க, தடி மரக்கட்டையோ ஸ்டாண்டோ முட்டுக் குடுத்துட்டுப் போங்க. டயரை மேலயும் கீழயும் பிடிச்சு ஆட்டினா ஆடுது. இதுலதான் பாதிப்பேர் ஏமாறுறாங்க. "ஹப் பேரிங் போயிடுச்சு"ம்பார் ஒருத்தர். "கிங் பின் காலி"ம்பார் இன்னொருத்தர். ரெண்டு பேரையும் கூட்டி வெச்சுப் பட்டிமன்றம் நடத்த வேண்டாம். ஒருத்தரைப் பிரேக்கை நல்லா மிதிச்சுக்கச் சொல்லிட்டு மறுபடி ஆட்டிப் பாருங்க. ஆட்டம் நின்னுபோச்சா, அது பேரிங். பிரேக் மிதிச்சும் ஆடுதா, அது கிங் பின். இதுக்கு அஞ்சு பைசா செலவு உண்டா? எங்க வண்டியில இடது பக்கம் பிரேக் மிதிச்சும் ஆடிச்சு. அதே டயரைப் பக்கவாட்டுல பிடிச்சு ஆட்டினா டை ராட் ஜாயிண்டோட யோக்கியதையும் தெரிஞ்சுபோகும்.

ஸ்பிரிங் பட்டையைப் பிடிச்சிருக்கிற யூ போல்ட்டையும் பார்த்துடுங்க. அது லூஸானா ஆக்ஸிலே நகரும், ஸ்டியரிங் மேல வீண்பழி.

ஆக மொத்தம், எங்க வண்டியில ஒரே ஒரு குத்தவாளி கிடையாது. பாக்ஸ் போல்ட்ல கொஞ்சம், டிராக் லிங்க்ல நிறைய, கிங் பின்ல கொஞ்சம், டை ராட்ல கொஞ்சம். எல்லாம் கூடித்தான் ரெண்டு மணி வரைக்கும் போற ஆட்டம். ஒவ்வொண்ணும் தனித்தனியாப் பார்த்தா 'இது ஒண்ணும் பெரிசில்ல'ன்னு சொல்ற அளவுதான். அப்படிச் சொல்லிச் சொல்லியே வளர்த்தது.

இனிமேதான் எனக்கு உண்மையாவே கோபம் வந்த இடம். இந்த ஜாயிண்டெல்லாம் ஏன் இவ்வளவு சீக்கிரம் தேய்ஞ்சுதுன்னு யோசிச்சேன். கிரீஸ் அடிக்கிற காசை ஒரு தடவைகூட நான் நிறுத்தினதில்ல. பில்லுல 'வாட்டர் சர்வீஸ், கிரீஸ்'னு தவறாம இருக்கு. அப்புறம் எப்படி உள்ள மண்ணு? கிங் பின் கிட்ட இருக்கிற கிரீஸ் நிப்பிளைத் தேடினேன். காணோம். விரலால தடவித் தடவித்தான் ஒரு மேடு தட்டுப்பட்டுச்சு. சுரண்டினா பெயிண்டு. சுரண்டச் சுரண்டப் பெயிண்டு. ஒரு கோட்டு, அதுக்கு அடியில இன்னொரு கோட்டு, அதுக்கும் அடியில இன்னொண்ணு. பாறை மாதிரி கறுப்புப் பெயிண்ட் நிப்பிள் தலையை மூடி, ஓட்டையை அடைச்சு உட்கார்ந்திருக்கு.

எங்கேர்ந்து வந்துச்சு இந்தப் பெயிண்ட்? எஃப்.சி.யிலேர்ந்து!

லாரி வெச்சிருக்கிறவங்களுக்கு நான் விளக்க வேண்டாம். மத்தவங்களுக்காகச் சொல்றேன். எட்டு வருஷம் தாண்டின லாரிக்கு வருஷா வருஷம் எஃப்.சி. எடுக்கணும். அதாவது இந்த வண்டி ரோட்டுல ஓடத் தகுதியானதுதான்னு அரசாங்கம் குடுக்கிற சர்டிஃபிகேட். 15 வருஷம் தாண்டின கனரக வண்டிக்கு இதைப் புதுப்பிக்க 12,500 ரூபாய்னு 2021 அக்டோபர்ல மத்திய அரசு அறிவிப்பே போட்டுச்சு. சரி, பாதுகாப்புக்குத்தானே, குடுப்போம். ஆனா எஃப்.சி. வேலைன்னா எங்க பக்கத்துல என்ன அர்த்தம் தெரியுமா? பெயிண்டு. கேபினுக்குப் பெயிண்டு, பாடிக்குப் பெயிண்டு, பம்பருக்குப் பெயிண்டு. சேஸிஸ், ஆக்ஸில், ஸ்பிரிங் பட்டைன்னு அடியில இருக்கிற எல்லாத்துக்கும் ஸ்ப்ரே கன்ல கறுப்பு. அதுல நிப்பிள் என்ன, ரப்பர் மூடி என்ன, கட்டுக்கம்பி என்ன, எல்லாம் ஒரே நிறம். ரிஃப்ளெக்டர் ஸ்டிக்கர் ஒட்டியாச்சா, நம்பர் பிளேட் பளிச்சுன்னு இருக்கா, ஹாரன் அடிக்குதா, வைப்பர் ஓடுதா, முதலுதவிப் பெட்டி இருக்கா. வண்டி கல்யாண மாப்பிள்ளை கணக்கா நிக்கும். வர்றவரு சுத்தி வந்து பார்ப்பாரு. குனிஞ்சு பார்த்தாரா? ஸ்டியரிங்கைப் பிடிச்சு ஒரு ஆட்டு? நான் போன இடத்துல பார்க்கல. பேர் எதுக்கு?

இப்பப் புரியுதா கதை? ரோட்டுல ஓடத் தகுதியான வண்டின்னு காட்டுறதுக்காக அடிச்ச பெயிண்டே நிப்பிளை அடைச்சு, ஜாயிண்டுக்குக் கிரீஸ் போகவிடாம, ஸ்டியரிங்கைக் கெடுத்து வெச்சிருக்கு. வருஷா வருஷம் சர்டிஃபிகேட் ஏற ஏற, வண்டி உள்ளுக்குள்ள இறங்கிக்கிட்டே வந்திருக்கு. இதை யார்கிட்ட போய்ச் சொல்றது?

கிரீஸ் அடிக்கிற பையனைக் கேட்டேன். "அடிச்சேன்ங்ண்ணா, உள்ள போகல, வெளியவே வழிஞ்சுது, துடைச்சு விட்டுட்டேன்"கிறான். துடைச்சு விட்டுட்டானாம்! உள்ள போகலைன்னா நிப்பிளைக் கழட்டிச் சுத்தம் பண்ணணும், இல்ல புதுசு போடணும். ஒரு நிப்பிள் என்ன தங்கத்துலயா செஞ்சிருக்கு? ஆனா அவனையும் முழுசாத் திட்ட மனசு வரல. வாட்டர் சர்வீஸ்ல ஒரு வண்டிக்கு அவனுக்கு என்ன குடுக்கிறாங்களோ. பின்னாடி ரெண்டு வண்டி ஹாரன் அடிச்சுக்கிட்டு நிக்குது. அவன் மேல குத்தம் சொன்னா கேக்க ஆள் இருக்கு. மேல இருக்கிறவங்களைச் சொன்னா?

சாமான் வாங்கப் போன கதை தனி. கடைக்காரர் கேக்கிறார்: "கம்பெனி வேணுங்களாண்ணா, லோக்கல் வேணுங்களா?" கம்பெனின்னேன். ஒரு டப்பாவை எடுத்து வெச்சார். டப்பா எல்லாம் ஜோர். எழுத்துல மட்டும் ஒரு எழுத்து இடறுது. "இது கம்பெனியா?"ன்னா, "கம்பெனி மாதிரிங்ண்ணா." மாதிரி! உயிர் போற சாமான்லயும் மாதிரியா? பால் ஜாயிண்ட் வெளியிலேர்ந்து பார்த்தா எல்லாம் ஒண்ணுதான். உள்ள இருக்கிற குண்டு சரியா ஹார்டனிங் பண்ணினதா, இல்ல பச்சை இரும்பான்னு ஓட்டினாத்தான் தெரியும். அதுக்குள்ள டப்பாவும் இருக்காது, பில்லும் இருக்காது. பில்லே குடுக்கலையேப்பா! "பில்லு வேணும்னா வரி சேருமேங்ண்ணா"ன்னு அக்கறை வேற.

கிங் பின் வேலை இன்னும் பெரிய ரோதனை. பழைய பின்னை வெளியில எடுக்கிறதுக்கே சம்மட்டி, காஸ் விளக்கு, அரை நாள். புது புஷ் இறக்கினதும் ரீமர் போட்டு மேல் புஷ், கீழ் புஷ் ரெண்டையும் ஒரே நேர்கோட்டுல அளவுக்குக் கொண்டுவரணும். அதுக்கு நீளமான ரீமர் வேணும், பொறுமையும் வேணும். "எமரி பேப்பர் போட்டுத் தேய்ச்சு இறக்கிடலாம்ங்ண்ணா, எல்லாரும் அப்படித்தான் பண்றாங்க." எல்லாரும் அப்படித்தான் பண்றாங்க, அதான் எல்லா லாரியும் ஆடுது! கையால தேய்ச்சா ஒரு இடம் மேடு, ஒரு இடம் பள்ளம். பின்னு ரெண்டு இடத்துல மட்டும் தொடும், சீக்கிரமே மறுபடி ஆட்டம். நான் பிடிவாதமா நின்னு, ரீமர் வெச்சிருக்கிற லேத்துப் பட்டறையைத் தேடிப்பிடிச்சு வேலையை முடிச்சேன். திரஸ்ட் பேரிங் புதுசு, மேல கீழ ஆட்டத்துக்கு ஷிம். புது நிப்பிள். ஜாக்கியில தூக்கி, கனம் இறங்கின நிலையில கிரீஸ் அடிச்சோம். வண்டி பாரத்துல நிக்கும்போது அடிச்சா திரஸ்ட் பேரிங் பக்கம் கிரீஸ் சரியா எட்டாது. டிராக் லிங்க்குக்கும் டை ராடுக்கும் புது எண்டு, ரப்பர் மூடியோட. எல்லா நட்டுக்கும் நிஜ ஸ்பிளிட் பின்! பாக்ஸ் போல்ட் புதுசா மாத்தி இறுக்கினோம்.

எல்லாம் முடிஞ்சப்புறம்தான் அந்தப் பாழாப்போன ஸ்க்ரூ. டிராக் லிங்க்கை விட்டுட்டு, சக்கரத்தை நேர்ல வெச்சு, ஏற்கெனவே இறுக்கினதைத் தளர்த்தி, அளவா வெச்சுப் பூட்டினோம். கடைசியாத்தான் அலைன்மென்ட். மொத்தச் செலவு ஒரு முன் டயர் விலையைத் தாண்டல. ஆட்டம் இருந்த காலத்துல ஓரம் தின்ன டயரைக் கணக்குப் போட்டா இது எப்பவோ பண்ணியிருக்க வேண்டிய செலவு. ஆனா 'ஒரு திருப்பு இறுக்கிட்டா போதும்'னு சொல்ற இடத்துல, 'இத்தனையும் பண்ணணும்'னு சொல்ற மெக்கானிக்குக்கு நாமளும்தான் எங்க மரியாதை குடுக்கிறோம்? "காசு பிடுங்கப் பார்க்கிறான்"னு டீக்கடையில பேசுவோம். அப்படிப் பேசிப் பேசியே நல்ல கைக்காரங்க பல பேர் வேற வேலைக்குப் போயிட்டாங்க. மிச்சம் இருக்கிறவங்க ஸ்பேனரோட அந்த ஸ்க்ரூ பக்கத்துலயே உட்கார்ந்துட்டாங்க.

இப்ப ஸ்டியரிங் பன்னெண்டுலேர்ந்து பன்னெண்டரைகூடப் போறதில்ல. ரவுண்டானாவுல திருப்பி விட்டா தானா நேருக்கு வருது. டிரைவர் முதல் லோடு போய்ட்டு வந்தார். "எப்படிப்பா இருக்கு?"ன்னு ஆசையாக் கேட்டேன். "சரிங்ண்ணா, ஆனா தொட்டாலே திரும்பிடுது. பழசுதான் கைக்குப் பழகியிருந்துச்சு"ங்கிறார். என்னத்தச் சொல்ல?

கர்நாடகா, மகாராஷ்டிரான்னு லோடு போற நண்பர்கள் சொல்றாங்க, தானியங்கிச் சோதனை நிலையம் வந்துட்டா எல்லாம் சரியாயிடும்னு. முன் சக்கரத்தை ஒரு பலகை மேல ஏத்தி, பலகையை அசைச்சு ஜாயிண்ட் ஆட்டத்தைப் பார்க்கிற மெஷின் இருக்குதான். நல்ல மெஷின். வரட்டும். ஆனா அந்த மெஷினுக்குப் பக்கத்துலயும் ஒரு மனுஷன் நின்னு, அசையுற ஜாயிண்டைக் கண்ணால பார்க்கணும். பார்ப்பாரான்னுதான் என் சந்தேகம்.

அது வர்ற வரைக்கும், எஃப்.சி.க்குப் பெயிண்ட் அடிக்கிற தம்பிங்களுக்கு ஒரு விண்ணப்பம். அடியில கறுப்பு அடிக்கிறதை நிறுத்தச் சொல்லல, அது உங்க பொழைப்பு. ஸ்ப்ரே கன்னை எடுக்கிறதுக்கு முன்னாடி ஒவ்வொரு நிப்பிள் தலையிலயும் விரலால கொஞ்சம் கிரீஸ் தடவி விடுங்க. அங்க பெயிண்ட் ஒட்டாது, அப்புறம் துடைச்சா வந்துடும். ஓனர்களே, கிரீஸ் அடிக்கும்போது ஆபீஸ் ரூம்ல டீ குடிக்காதீங்க. பக்கத்துல நில்லுங்க. பழைய கிரீஸ் வெளியே வந்து புதுசு எட்டிப் பார்க்கிற வரைக்கும் காசு குடுக்காதீங்க.